வெளிக்குப் போன பிள்ளை

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியாது. நெடுந்தீவில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் முன்விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், இவ்வளவு நேரம் நித்திரை கொண்டுவிட்டேனே என்று வெட்கப்பட்டு மணிக்கூட்டைப் பார்த்ததுதான். வீட்டுக்காரி பூமணி அக்கா கையில் பையோடு படலையைத் திறந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை எங்கை, அக்கா?" என்று கேட்டேன்.

"வெளிக்குப் போட்டா, அண்ணை. வந்திடுவா," என்று சொல்லிவிட்டு அவர் சங்கக்கடைக்கு நடந்துவிட்டார்.

நானும் சரியென்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தவற்றை எழுதுவதற்கு முன், நாங்கள் அந்தத் தீவுக்கு ஏன் போனோம் என்று சொல்லவேண்டும்.

நான் நோர்வேயில் பேர்கன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். மகள் ஆரபி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். புவிச்சரிதவியல் படிக்கிறாள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கல்லுப்படிப்பு. மேற்படிப்புக்காக அவள் எடுத்துக்கொண்ட வேலை, நெடுந்தீவின் தெற்கே ஆள் குடியில்லாமல் காய்ந்து கிடக்கும் பெரிய நிலப்பரப்பில் சுண்ணாம்புக்கல் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தடிப்பு, அதை வெட்டி எடுத்தால் கல்லுக்குள் தங்கியிருக்கும் நல்ல தண்ணீர் என்னவாகும் என்று அளப்பது. யாழ்ப்பாணத்து மாணவர் இரண்டு பேர் அவளோடு சேருவதாக ஏற்பாடு. "பிள்ளையைத் தனிய விடேலாது" என்று என் மனைவி நாள்தோறும் சொன்னாள். நான் விடுப்பு எடுத்தபோது "அவளுக்கு இருபத்துமூண்டு வயசு, நீங்கள் ஏன் பின்னாலை போறியள்?" என்றும் அவளே கேட்டாள்.

நான் வேலணைக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அப்பாவுக்குப் பதுளையில் கடை இருந்ததால் அங்கேதான் வளர்ந்தேன். பள்ளி விடுமுறைக்கு வேலணைக்கு வந்து போனதோடு சரி. நெடுந்தீவை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. அந்தத் தீவின் பேச்சு எனக்கு முழுதாகப் பிடிபடாது என்ற எண்ணமும் எனக்கு இருக்கவில்லை. தமிழ்தானே.

முதல் நாள் யாழ்ப்பாணத்தில் ஓட்டோ பிடித்தோம். மண்டைதீவு தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல் ஒரு சாண் ஆழத்துக்கு விரித்த துணிபோலக் கிடந்தது. அதில் ஒருவர் முழங்கால்கூட நனையாமல் வெகுதூரத்தில் நடந்துகொண்டிருந்தார். பேர்கனில் கடல் என்றால் கரையிலிருந்து ஒரு அடி தள்ளினாலே அடி தெரியாத கறுப்பு. ஆரபி சாரதியை மெதுவாகப் போகச் சொன்னாள். அவர் ஓம் என்றார், மெதுவாகப் போகவில்லை. சாட்டிக் கடற்கரையில் மட்டும் தானாகவே நிறுத்தினார். "ஒரு நிமிசம், அண்ணை" என்று இறங்கிப் போனவர் ஒரு பை நிறையக் கணவாய் மீனுடன் திரும்பி வந்தார். அதை வைக்க இடம் தேடி, ஆரபியின் அளவைக் கருவிப் பெட்டிக்கு மேலேயே வைத்தார்.

"அண்ணை, அது விலையான சாமான்," என்றாள் ஆரபி.

"இதுவும் இண்டைக்கு விலைதான், தங்கச்சி," என்றார் அவர்.

அன்று படகில் கடந்து நயினாதீவில் தங்கினோம். மத்தியானம் அம்மன் கோயில் அன்னதான மடத்தில் சாப்பாடு. நிலத்தில் வரிசையாக இருந்து, நூற்றுக்கணக்கான ஆட்களோடு சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். ஆரபிக்குச் சப்பாணி கட்டி இருக்கத் தெரியாது; காலை ஒரு பக்கம் நீட்டினாள், மடக்கினாள், மறுபக்கம் நீட்டினாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அவளுடைய பெட்டியைக் காட்டி, அதற்குள் என்ன என்று விசாரித்தார்.

"நிலத்துக்குக் கீழை என்ன கிடக்கு எண்டு பாக்கிற மெசின், அன்ரி. கொஞ்சமாக் கரண்ட் விட்டுப் பாக்கிறது."

"மெய்யே? அப்ப எங்கட வளவுக்கும் ஒருக்கா வாரும் பிள்ளை. இடம்பெயரேக்கை என்ர மாமி காப்பு ஒண்டைத் தாட்டுப்போட்டு, எங்கை தாட்டது எண்டு மறந்துபோனா."

"காப்பைக் காட்டாது, அன்ரி. கல்லையும் தண்ணியையும்தான் காட்டும்."

"கல்லைப் பாக்க மெசின் என்னத்துக்கு? குனிஞ்சால் கல்லுத்தானே," என்று அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆரபியும் சிரித்தாள். நான் பெட்டியில் கணவாய் நாற்றம் போயிருக்கிறதா என்று மணந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் நெடுந்தீவுப் படகு. காற்று ஏறியிருந்தது. படகின் உள்ளே கீழே இருக்கச் சொன்னார்கள். அங்கே மண்ணெண்ணெய் மணமும் ஆட்டு மணமும் கலந்திருந்தன. ஒருவர் இரண்டு ஆடுகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார். நோர்வேயில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் கோப்பி குடித்துக்கொண்டு போகிறவன், இங்கே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். ஆரபி நல்ல சுகமாக இருந்தாள்.

கருவிப் பெட்டியின் செய்தி எங்களுக்கு முன்பே படகில் ஏறியிருந்தது. எதிரே இருந்த பெரியவர் நேரடியாகவே கேட்டார்.

"சீமெந்துக்குக் கல்லு வெட்டப் போறியளோ?"

"இல்லை ஐயா. வெட்டினால் என்ன நடக்கும் எண்டு பாக்கப் போறம்."

"வெட்டுறதுக்கு முதல் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

ஆரபி மறுத்துப் பேசவில்லை. "ஓம், அதுவும் சரிதான்," என்றாள். பிறகு, தான் எழுதப்போவதைத் தமிழிலும் எழுதித் தருவதாகச் சொன்னாள். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "பெரிய எழுத்திலை எழுதும், பிள்ளை," என்றார்.

இறங்குதுறையில் எங்களை ஏற்றிப்போக ஊர்க்காரர் சின்னராசா லாண்ட்மாஸ்டரோடு நின்றார். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி பூட்டிய வண்டி. தீவில் சாமான், ஆள், மாடு எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் ஆரபியின் சுத்தியலைப் பார்த்துவிட்டு, "தங்கம் கிடைச்சால் முதல் எனக்குச் சொல்லும் பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லன், மனுசிக்கும் சொல்லன்," என்றார். வழி முழுவதும் கல்வேலி. சாந்து பூசாமல், கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியது. இடைவெளிகளில் வெளிச்சம் தெரிந்தது. நான் தொட்ட கல் ஒன்றில் பூப்பூவாக அடையாளங்கள் இருந்தன. யாரோ செதுக்கியது என்று நினைத்தேன். அது முருகைக்கல் என்றாள் ஆரபி. கடலுக்குள் உயிரோடு வளர்ந்து செத்துக் கல்லானது.

"தீவு முழுக்க இதுதான், அப்பா. நாங்கள் இப்ப கடலுக்கு அடியிலைதான் நிக்கிறம். தண்ணியைத்தான் ஆரோ எடுத்துப்போட்டினம்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பூமணி அக்கா பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினார். நண்டு, றால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை. உறைப்பில் என் காது அடைத்தது. ஆரபி மூன்றாவது கோப்பைக்குக் கையை நீட்டியபோது, "காணும் பிள்ளை, வயித்துக்குள்ளை குழம்பும்," என்றேன். "அவ குடிக்கட்டும் அண்ணை. உங்கட ஊரிலை உதெல்லாம் எங்கை கிடைக்கப்போகுது?" என்று பூமணி அக்கா ஊற்றினார். மகள் முகம் வேர்த்து, மூக்கால் நீர் வடியக் குடித்தாள்.

சாப்பிட்ட கையோடு முற்றத்தில் இருந்து அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். தீவுக்கு அடியில் முழுவதும் உப்புத்தண்ணீர். மேலே பெய்யும் மழை இந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேல் பாலாடைபோல மிதந்து நிற்கிறது. ஊர் குடிப்பது அந்த ஆடையை. கல்லை வெட்டினால் ஆடை கிழியும். பேர்கனில் ஆண்டு முழுவதும் மழை. ஒரு துளியையும் நாங்கள் பொருட்படுத்துவதில்லை. இங்கே மார்கழியில் பெய்ததைக் கல் ஆவணிவரை கையில் ஏந்தி வைத்திருக்கிறது. கணித வாத்தியாராகத் தடிப்பையும் பரப்பையும் பெருக்கிப் பார்த்தேன். விடை எவ்வளவு சின்னது என்று கண்டபோது, பூமணி அக்கா கழுவிக்கொண்டிருந்த கோப்பைகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் ஒரு செம்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவி முடித்திருந்தார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலும் வேலணையிலும் பதுளைக் கடையிலும், "வெளிக்குப் போறது" என்றால் ஒரே கருத்துத்தான். மலசலகூடத்துக்குப் போவது. ஆகவே பூமணி அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. மூன்று கோப்பைக் கூழ். நான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று ஒரு சிறு திருப்திகூட இருந்தது.

வளவின் பின்மூலையில் மலசலகூடம். கதவு சாத்தியிருந்தது. வளர்ந்த மகள் உள்ளே இருக்கும்போது அப்பன் கிட்டப் போய் நிற்க முடியுமா? பத்து அடி தள்ளி, பூவரச மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிறகு குசினிக்குள் போய், கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தேன். எங்கே போனாலும் என் பையில் வயிற்றோட்டக் குளிசையும் இருக்கும். அதையும் எடுத்து வைத்தேன்.

அப்போது மனைவி தொலைபேசியில் வந்தாள். சிக்னல் வந்து வந்து போனது.

"பிள்ளை எங்கை?"

"வெளிக்குப் போட்டாள்."

"எத்தினை தரம்?"

"தெரியாது. நான் எழும்பேக்கை உள்ளுக்குப் போட்டாள். இன்னும் வரேல்லை."

"என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

கூழ் என்றேன். மனைவி என்னை ஏசத் தொடங்கியபோது சிக்னல் போனது. நல்லதாயிற்று. நான் ஒருமுறை இருமினேன். உள்ளே சத்தமில்லை. "ஆரபி, மெள்ள வா பிள்ளை, அவசரமில்லை," என்று மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தபடி, ஒரு போத்தலோடு, நான் அங்கே நின்ற நேரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பூமணி அக்கா திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. என்னையும் போத்தலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னண்ணை இதிலை நிக்கிறியள்?"

"பிள்ளை இன்னும் வரேல்லை, அக்கா."

"இன்னும் வரேல்லையோ? விடியவெல்லோ போனவ."

"விடியவோ? அவ்வளவு நேரமாவோ உள்ளுக்கை இருக்கிறாள்?"

"எதுக்குள்ளை? அவ சின்னராசாவின்ர லாண்ட்மாஸ்டரிலை போனவ."

"வெளிக்கோ? லாண்ட்மாஸ்டரிலையோ?"

"பின்னை? நடந்து போற தூரமே அது? தெற்காலை கடல்வரைக்கும் கிடக்கு, வெளி."

நான் போய்க் கதவைத் தள்ளினேன். ஆடு நுழையாமல் வெளியால் கம்பி கொழுவியிருந்தது. கம்பியைக் கழற்றினேன், உள்ளே ஒரு வாளி மட்டும்.

நெடுந்தீவில் வெளி என்றால் அந்த ஆளில்லாத நிலம். அவர்களுக்கு அது ஒரு இடத்தின் பெயர், எங்களுக்குச் சந்தை என்பதுபோல. பூமணி அக்காவுக்கு மெல்ல மெல்ல விளங்கி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. காற்றினால் காலைப் படகு பிந்தும் என்று விடியவே செய்தி வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் அதில்தான் வரவேண்டும். ஆரபி ஒரு நாளை வீணாக்காமல் அளவைக் கம்பிகளை மட்டும் நட்டுவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போயிருக்கிறாள். நான் நல்ல நித்திரை, எழுப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு போத்தல் தண்ணீர். பத்து மணிக்குச் சின்னராசா போய் ஏற்றிவரவேண்டும். "சின்னராசா படகு வரும் எண்டு துறையிலை நிண்டதைக் கண்டனான்," என்றார் பூமணி அக்கா. அவள் எண்ணுக்கு அடித்தேன். வெளியில் சிக்னல் இல்லை என்பது எனக்கே தெரியும், ஆனாலும் அடித்தேன்.

"நில்லுங்கோ அண்ணை. ஆளை விட்டுச் சின்னராசாவைக் கூப்பிடுவம்."

நான் நிற்கவில்லை. பூமணி அக்காவின் கணவருடைய சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு முன்படலையால் வெளிக்கிட்டேன். உப்புச்சீனித் தண்ணீர்ப் போத்தலை மட்டும் பையில் போட்டேன். தொப்பியை மறந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவரை மலைக்கு அழைத்துப் போகும்போது பாதுகாப்புப் பற்றி விரிவுரை செய்கிறவன் நான்தான்.

கல்வேலிகள் ஓரிடத்தில் முடிந்தன. பனைகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்று எழுதுவது பிழை. அங்கே இருந்தவற்றுக்கு என்னிடம் சொல் இல்லை. நிலம் ஒரு மேசைபோலத் தட்டையாக, சாம்பலும் வெள்ளையுமாக, காய்ந்த புல் ஒட்டிய கல்லாக விரிந்து கிடந்தது. கடைசியில் கடல் ஒரு நீலக்கோடு. அது நிலத்தைவிட உயரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தது. மரமில்லை. வானம் பேர்கனில் மலைகளுக்கு இடையே நாங்கள் காணும் துண்டு அல்ல. நான்கு பக்கமும் நிலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. சைக்கிளில் போகும் ஒரு மனிதன் அங்கே எவ்வளவு சின்னவன் என்று நினைத்தபோதே, என் பிள்ளையும் அவ்வளவு சின்னவள் என்ற எண்ணம் வந்தது. மிதித்தேன்.

அவளுடைய கம்பி முதலில் கண்ணில் பட்டது. மெல்லிய இரும்புக் கம்பி, உச்சியில் சிவப்பு நாடா, அடியில் விழாமல் கல் அடுக்கி, ஒரு மட்டையில் எண். ஏழின் நடுவில் சின்னக் கோடு போட்டிருந்தது. நோர்வேப் பள்ளிக்கூடத்தில் அவள் பழகிய ஏழு. அதிலிருந்து பார்த்தால் தூரத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி. அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒரே நேர்கோடு. கோணம் தவறாமல் கோடு போடுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்த எனக்கு, அந்தக் கோட்டின் நேர்த்தி விளங்கியது. தனியாக ஒரு பெண்பிள்ளை, இந்தக் காற்றில், இப்படி ஒரு கோட்டை நிலத்தில் போட்டிருக்கிறாள். பயந்துகொண்டே பெருமைப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரை தெரியாது.

முன்சில்லு காற்றுப் போனது. முருகைக்கல்லின் விளிம்பு கத்திதான். சைக்கிளை இடிந்த ஒரு கல்வேலித் துண்டோடு போட்டுவிட்டு நடந்தேன். காலுக்குக் கீழே ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரம், தேனடை, மூளையின் சுருக்கம். ஒரு காலத்தில் மீன்கள் இவற்றுக்கிடையே நீந்தியிருக்கும். செத்துப்போன ஒரு கடலின் முதுகில் செருப்புக் காலோடு நடக்கிறேன் என்று தோன்றியது. இதைத்தான் அவள் மாதக்கணக்காக எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "சாப்பாடு ஆறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் முழுவதும் அடுத்த நாடாவில் இருந்தது. வலது காலை வைக்கப்போன இடத்தில் வானம் தெரிந்தது.

கிணறு. கட்டு இல்லை, விளிம்பு இல்லை; நிலத்தோடு நிலமாக ஒரு துளை. முன்னொரு காலத்தில் மாடுகளுக்காக வெட்டியிருப்பார்கள். கீழே தண்ணீரில் ஒரு முகில் அசையாமல் கிடந்தது. அதன் ஓரத்தில் தலைநீட்டிப் பார்த்த என் முகம். உயர்த்திய காலை எப்படிப் பின்னுக்கு இழுத்தேன் என்று தெரியாது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இன்றைக்கும் படியிறங்கும்போது சில நேரம் அந்தக் காலை ஒருமுறை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள்ளும், அந்தத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றும் பார்த்தேன். மார்கழி மழை. எட்டிப்பிடிக்கும் ஆழத்தில், உப்புக் கடலின் நடுவில், அது அத்தனை மாதமாகக் காத்திருந்தது.

பிறகு கண்ட கிணறுகளுக்குத் தூரமாக விலகி நடந்தேன். எத்தனையோ இருந்தன. எதற்குள்ளும் நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

கோடு கடலுக்குச் சற்று இப்பால் முடிந்தது. கடைசிக் கம்பியடியில் கயிறு வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. மூச்சு முட்டக் கூப்பிட்டேன். காற்று பெயரை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் குதிரைகளைக் கண்டேன். என் சத்தத்துக்கு அவை தலையைத் தூக்கியிருக்கவேண்டும். அதுவரை அவற்றைப் பாறைகள் என்று நினைத்திருந்தேன். மண்ணிறமும் கறுப்புமாக ஒரு கூட்டம், காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒன்றின் நிழலில் மற்றது தலையை வைத்துக்கொண்டு நின்றன. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். விலா தெரிந்தது. நடுவில் ஒரு குட்டி. தாய்க்குதிரை என்னையே பார்த்தது. நான் ஆபத்தா இல்லையா என்று அது நிதானமாக முடிவெடுத்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவு பயத்திலும் நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகு என்று சொன்னால் போதாது. அந்த இடத்துக்கு என்னைத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. என் பிள்ளையையும் தெரியாது.

கடலோரத்தில் மாலுமிகளுக்கு வழிகாட்டக் கட்டிய பழைய கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழல் ஒரு பாய் அகலம். அதற்குள் போய் இருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பைக்குள் போத்தல் இருந்தது. திறக்கவில்லை, அது பிள்ளைக்கு. அவள் எந்தப் பக்கத்தாலும் வந்தால் அந்தக் கோபுரத்தைக் கட்டாயம் பார்ப்பாள், ஆகவே அங்கேயே இருப்பதுதான் சரி என்று எனக்கு நானே கணக்குக் காட்டினேன். உண்மை என்னவென்றால் எழும்ப ஏலவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்றுக்குள் லாண்ட்மாஸ்டரின் சத்தம் கேட்டது. படபடவென்று வந்தது, நின்றது. மறுபடி கேட்டது, சற்றுக் கிட்டத்தில், மறுபடி நின்றது. இயந்திரம் பழுதாகிப் பழுதாகி வருகிறது என்று நினைத்தேன். கடைசியில் கல்மேட்டுக்குப் பின்னால் வண்டி எழுந்து வந்தது. சின்னராசா கைபிடியில். பெட்டிக்குள் ஒரு உருவம் எழும்பி நின்றுகொண்டிருந்தது. தொப்பியைக் கண்டேன்.

வண்டி நிற்கும் முன் ஆரபி குதித்தாள். ஓடி வந்து என் முன்னால் முழங்காலில் இருந்தாள். முகம் முழுவதும் கல்தூசி. கன்னத்தில் மட்டும் இரண்டு கோடு கழுவியிருந்தது. என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தன் போத்தலைத் திறந்து என் வாயில் வைத்தாள். நான் என் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை என்னவென்று பார்க்காமல் நிலத்தில் வைத்தாள்.

"படகு வராது எண்டு தெரிஞ்ச உடனை போய்ப் பிள்ளையை ஏத்தினனான், அண்ணை," என்றார் சின்னராசா. "கரைப்பாதையாலை வந்தனாங்கள். நீங்கள் முன்படலையாலை வெளிக்கிட, நாங்கள் பின்பக்கத்தாலை வளவுக்குள்ளை வாறம். அவ்வளவுதான் பிந்தினது." அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, கடல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தார். "பிறகு உங்கட சைக்கிளைக் கண்டம். ஆளைக் காணேல்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வெளி என்று பூமணி அக்கா சொன்னதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதைத்தான் சொல்லியிருப்பேன். ஆரபி கேட்கவில்லை. என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சைக்கிள் கிடந்த இடத்திலை இருந்து," என்றாள், "ஒரு கிணறு விடாமல் வண்டியாலை இறங்கி இறங்கி எட்டிப் பாத்துக்கொண்டு வாறன், அப்பா."